வண்டியில் ஏறிய கேஸ் டப்பா

ஏப்ரல் 3

கொழுந்தன் இன்று என் பார்சல் கவுண்டருக்கே பெட்டியோடு வந்துவிட்டான். உள்ளே என்ன என்று கேட்டேன். "பாத்திரம், அண்ணி." பிரித்தேன். அவன் கடைச் சரக்குதான். கூடாரம் போட்டுத் தங்குகிறவர்கள் சமைக்க வாங்கும் குட்டி கேஸ் டப்பாக்கள். வெயிலில் மூடிய வண்டிக்குள் கிடந்தால் வெடிக்கக்கூடியவை. எடுக்க முடியாது என்றேன்.

"சொந்தத்துக்கே சட்டம் பேசுறீங்களா? நல்லா இருங்க அண்ணி." வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

ஏப்ரல் 4

இவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். "பார்சல் வண்டி ஓட்டுறவன் நான். எனக்கே இல்லாத பயம் உனக்கெதுக்கு?"

அதைத்தானே நானும் கேட்கிறேன் — ஓட்டுகிறவருக்கு ஏன் இல்லை?

ஏப்ரல் 9

பெட்டியைப் பற்றிப் பேச்சே எழவில்லை. நிம்மதி.

ஏப்ரல் 15

மாமியார் வாய்தவறிக் கொட்டிவிட்டார். இவர் தினமும் தம்பி கடை வாசலில் வண்டியை நிறுத்தி, பதிவே இல்லாமல் அந்தப் பெட்டிகளை ஏற்றிக்கொள்கிறாராம். நேரே கடைக்குப் போனேன். அங்கே இன்னொரு கூத்து. வாங்கியவர் பிரித்ததும் பற்றவைக்கட்டும் என்று, டப்பாவின் தலையில் குட்டி அடுப்பைத் திருகிப் பொருத்தியே பெட்டி கட்டுகிறான். குலுக்கலில் அடுப்பின் குமிழ் திரும்பினால் கேஸ் கசியாதா?

"வாய வைக்காதீங்க அண்ணி, ஒண்ணும் ஆகாது."

"உங்க அண்ணன் முதுகுக்குப் பின்னாலதாண்டா அது இருக்கு!"

"அண்ணனே சும்மா இருக்காரு. உங்களுக்கென்ன?"

ஏப்ரல் 16

எங்கள் பார்சல் ஆபீஸ் மேலாளரிடம் சொன்னேன். இவரைப் போனில் பிடித்து வெட்டவெளியில் நிறுத்தச் சொன்னார். மேலாளரும் நானும் போனோம். பின்கதவைத் திறந்ததும் குப்பென்று கேஸ் நாற்றம். இவர் வாயில் பற்றவைக்காத சிகரெட், கையில் லைட்டர். பிடுங்கி எறிந்தேன்.

"என் சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டியேடி!" மேலாளர் எதிரிலேயே கத்தினார்.

ஏப்ரல் 17

இவருக்கு வேலை போயிற்று. கட்டினவனையே காட்டிக்கொடுத்தவள் என்கிறார் மாமியார். வேற என்ன பண்ணச் சொல்றாங்க? எரிஞ்சு போயிருந்தா எல்லாருக்கும் திருப்தியா இருந்திருக்குமா? போங்க!

ஏப்ரல் 25

கூடத்தில் படுக்கிறார். நான் வைத்த காபியைத் தொடவில்லை.

மே 6

தம்பி கடையில்தான் இப்போது உட்காருகிறார். வேலைக்குப் போகும் வழியில், வீட்டிலேயே விட்டுப்போன கடைச் சாவியைக் கொடுக்கப் போனேன். வாசலில் நின்று போனில் யாரோடோ மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"கேஸ் டப்பாவ பார்சல்ல அனுப்ப மாட்டோங்க. ... தம்பி சொன்னான்னா அவன்கிட்டயே கேளுங்க, நான் கட்டிக் குடுக்க மாட்டேன். வேணும்னா நேர்ல வாங்க."

என்னைப் பார்த்தார். சாவியை வாங்கிக்கொண்டு முதுகைக் காட்டித் திரும்பினார்.