குப்பியின் கடைசி வேளை

12.7.1951, வியாழன்

வேலு கிடைத்துவிட்டான். இந்த மலாயா ரப்பர் தோட்டமே காலையிலிருந்து அவனைத் தேடியது.

காலைப் பெரட்டில் தொழிலாளர்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டபோது அவன் இல்லை. காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்துவிட்டான் என்று தோட்டக் காவலுக்கு வந்திருக்கும் போலீஸ் சார்ஜன் முடிவே கட்டிவிட்டார். வேலியோரம் கண்டால் சுடச் சொல்லி ஆட்களை அனுப்பினார்.

பத்து மணிக்குக் கங்காணி, நான் மருந்து கலந்து கொடுக்கும் தோட்ட ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தார். "டிரெசர் ஐயா, ஸ்டோர்ல சாக்கு மேல கெடக்கறான். மூச்சு இருக்கு, எழுப்புனா முழிக்க மாட்டேங்கறான்லா!"

பார்த்ததுமே புரிந்தது. வயிற்றுவலிக்கு நான் கொடுத்த கஞ்சா மருந்துதான். இலையை ஸ்பிரிட்டில் ஊறவைத்து இறக்கிய சத்தைத் தண்ணீரில் கலந்தால், பிசின் பிரிந்து அடியில் தங்கிவிடும். நேற்று மாலை அவன் குடித்தது குப்பியின் கடைசி வேளை. எல்லா வேளையின் பிசினும் அதில் இருந்திருக்கும்.

இனிமேல் பிசின் அடியில் தங்காதபடி கோந்து சேர்த்துத்தான் கலக்குவேன். ஒவ்வொரு முறையும் குலுக்கி, அளவு கிளாசில் நானே ஊற்றுவேன்.

மத்தியானம் கண் விழித்தவன், "நல்ல தூக்கங்கய்யா, வலியே இல்ல" என்று சிரித்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"கள்ளா?" என்று சார்ஜன் கேட்டார். கங்காணி ஆமென்று தலையாட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை.

வேலு கள்ளைத் தொட்டதே கிடையாது.