மஞ்சள் துணியில் முடிந்த காசு

மண்ணரை, திருப்பூர்.

அன்புக் கண்ணு ஜெயசுதாவுக்கு அம்மா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் இங்கே நானும் உங்கப்பாவும் கை கால் ஓட்டத்தோடு இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளை நிதிஷும் வயிற்றில் இருக்கிற குட்டியும் சௌக்கியமாக இருக்க வேண்டும், அதுதான் எந்நேரமும் என் நினைப்பு. தினம் ஃபோனில் பார்க்கிறோமே, கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். நான் ஃபோனை எடுத்தால் உங்கப்பா பக்கத்தில் வந்து தலையை நீட்டிக்கொள்கிறார், இது அவர் காதில் விழக்கூடாத சங்கதி. மாப்பிள்ளையின் சிநேகிதர் பரணி அயர்லாந்து திரும்புகிறாராம், அவரிடம் பருப்புப் பொடியோடு இதையும் கொடுத்து விடுகிறேன்.

உங்கப்பாவின் பழைய சாமான் வியாபாரம் உனக்குத் தெரிந்ததுதான். கட்டிங் மாஸ்டராக இருந்து ஓய்ந்த மனுஷன் சும்மா இருந்தால்தானே. இடிக்கிற வீடு, பழைய இரும்புக் கடை, நொய்யல் கரை என்று அலைந்து பொறுக்கி வந்த கோலி சோடா பாட்டில், மசிக்குப்பி, ஓட்டைக் காலணா, ராஜா தலைக் காசு எல்லாவற்றையும் ஞாயிற்றுக்கிழமை நம்ம ஊர் ராயபுரத்தில் ரோட்டோரம் சாக்கு விரித்துப் பரப்பிவிடுவார். பாட்டில் உடையாமலும் காசு உரசாமலும் இருக்க ஒவ்வொன்றையும் பனியன் கம்பெனி கட்டிங் வேஸ்ட் துணியில் சுற்றி முடிச்சுப் போட்டு வைப்பார், வினை அங்கேதான் வந்தது.

போன வருஷம் உனக்குக் கரு தங்காமல் போனபோது ஃபோனில் அழுதாயே, அன்றைக்குப் பழனி முருகனுக்கு ஒரு காசு முடிந்து வைத்தேன். அடுத்தது நல்லபடியாகப் பிறந்து கைக்கு வந்தால் குழந்தையோடு மலையேறி உண்டியலில் போடுகிறேன் என்று வேண்டுதல். உன்னிடம் சொன்னால் உனக்குப் பாரமாகிவிடும் என்று சொல்லவில்லை. ஒற்றை ரூபாய் போதும்தான், எனக்குத்தான் மனசு கேட்காமல் எங்கம்மா கொடுத்த ராஜா தலை வெள்ளி ரூபாயை எடுத்தேன். மஞ்சள் துணி அவசரத்துக்குக் கிடைக்கவில்லை, உங்கப்பா மூட்டையிலிருந்தே ஒரு மஞ்சள் பனியன் துண்டை உருவி முடிந்து, முருகன் படத்துக்குப் பின்னால் செருகினேன். என் புத்தி போன போக்கைப் பார். பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் படத்தைக் கழற்றியபோது அது கீழே விழுந்திருக்கிறது, தன் சரக்குதான் என்று அவர் எடுத்துப் பெட்டியில் போட்டு அந்த ஞாயிறே விற்றும் விட்டார்.

உனக்கு ஏழாம் மாசம் பிறந்ததும் சூடம் காட்டலாம் என்று கை விட்டுத் துழாவினால் காசைக் காணோம். ஏனுங்க, இங்கிருந்த காசு முடிச்சு எங்கீங்க என்றேன். அட, அது நம்ம சரக்கில்லையா, வித்துப்போட்டனே என்றார். வாயில் வந்ததெல்லாம் பேசினேன் கண்ணு, புள்ளையோட வேண்டுதலை ரோட்டுல வித்துட்டு வந்த அப்பன் நீங்க ஒருத்தருதான் என்றுகூடச் சொல்லிவிட்டேன். மனுஷன் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டு பஸ் ஏறிவிட்டார். வாங்கியவர் காங்கேயத்தில் எண்ணெய் மில் வைத்திருக்கிற சிவபிரகாஷ், காசு சேர்க்கிற பைத்தியம். விஷயத்தைக் கேட்டுப் பதறிப்போய், தெரிஞ்சிருந்தா தொட்டிருக்கவே மாட்டனுங்க என்றாராம். ஆனால் அவர் கையிலும் இல்லை, கோயமுத்தூர் காசுக் கண்காட்சியில் யாரோ வடக்கத்தி ஆளிடம் வேறு காசுக்கு மாற்றிவிட்டார். உங்கப்பா கோயமுத்தூரும் போய் விசாரித்துவிட்டு வெறுங்கையோடு வந்து உட்கார்ந்தார். உனக்குத்தான் தெரியுமே, விபூதி நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஆள். நம்பாத காசுக்கு எதுக்குங்க இப்படி அலையறீங்க என்று கேட்டேன். நீ நம்பறயல்லோ என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அதற்கப்புறம் அவர் கடையே போடவில்லை. பாட்டிலெல்லாம் கட்டிலுக்கடியில் கிடக்கிறது. அப்பா ரோட்டில் உட்காருவது நன்றாகவா இருக்கிறது என்று நீ முன்பு கேட்டாய், இப்போது வீட்டில் உட்கார்ந்திருக்கிறார், இதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. நான் பேசியதும் அதிகம்தான். எனக்கும் ராத்திரி தூக்கமில்லை, சாமி கோபித்துக்கொண்டால் உன் வயிற்றுக்கு ஏதாவது வந்துவிடுமோ என்று பயந்து செத்தேன். வெள்ளிக்கிழமை படத்தைத் துடைக்கும்போது பின்னால் ஏதோ தட்டுப்பட்டது. சிவப்புப் பனியன் துணியில் ஒரு முடிச்சு, உள்ளே காசு. மஞ்சளில்தான் முடிய வேண்டும் என்றுகூடத் தெரியாத மனுஷன். நான் அவிழ்க்கவில்லை, மஞ்சளுக்கு மாற்றவும் இல்லை, இருந்த இடத்திலேயே வைத்து ஒரு பூ வைத்தேன். அன்றைக்கு ராத்திரிதான் கண் அசந்தேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, இடது பக்கமாகச் சாய்ந்து படு, வெளியே போகும்போது காதை மூடிக்கொள். மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசீர்வாதம். தாய் வேறு பிள்ளை வேறாக நல்லபடியாகப் பிரிந்து, நோய் நொடியில்லாமல் நூறு வயசு இருக்க வேண்டும். மறக்காமல் ஒன்று செய், ஞாயிற்றுக்கிழமை கடை போடுங்கப்பா என்று நீயே ஒரு வார்த்தை சொல், நீ சொன்னால் தட்டமாட்டார். முடிச்சைப் பற்றி மட்டும் மூச்சு விடாதே, கேட்டால் நானில்லை என்றுதான் சாதிப்பார். குழந்தையோடு ஊருக்கு வா. என் காசு போனது போகட்டும், உன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உங்கப்பா பழனி மலை ஏறுவதை நான் என் கண்ணால் பார்க்க வேண்டும்.

உன் வழி பார்த்திருக்கும் அம்மா,
நாகஜோதி