பிப்ரவரியில் ட்ரக் ஓடிய சதுப்பு நிலம் குறித்து

அனுப்புநர்:
வெர்னா ஹாக்லண்ட்,
17, டாமரக் சாலை,
டெல்வின் ஏரி, மினசோட்டா.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
நகர்த் திட்டக் குழு,
டெல்வின் ஏரி நகராட்சி.

பொருள்: டாமரக் சாலைச் சதுப்பு நிலத்தை ஒட்டி வீட்டு மனைகளுக்காக மண் கொட்டி மேடாக்குவதை நிறுத்தவும், பனி உருகிவிட்ட இப்போது மறு ஆய்வு நடத்தவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் வீட்டுக்கு மேற்கே உள்ள சதுப்பு நிலம் பாதுகாக்கப்பட்டது என்று பலகை நட்டது தங்கள் அலுவலகம்தான். அதன் கரையிலிருந்து ஐம்பதடிக்குள் யாரும் மண் கொட்டக் கூடாது என்பதும் தங்கள் விதிதான். நாய்க்கு ஒரு கொட்டகை போட அனுமதி கேட்டபோது இதே விதியைக் காட்டித்தான் எங்களுக்கு மறுத்தீர்கள். நாங்களும் வாயை மூடிக்கொண்டு வீடு திரும்பினோம்.

2. அதே இடத்தில் கட்டுமானக்காரர் திரு. டேல் ப்ரூக்கர் ஒன்பது வீடுகளுக்கு நிலத்தை மேடாக்கி வருகிறார். சதுப்பின் கிழக்குப் பகுதி கெட்டி நிலம் என்று தங்கள் ஆய்வாளர் திரு. கர்ட் மேப்ஸ் சான்று அளித்ததே இதற்குக் காரணம். அவர் ஆய்வுக்கு வந்தது பிப்ரவரியில். அன்று நானும் என் கணவர் ராயும் வேலியருகே நின்றிருந்தோம். அவர் தம் ட்ரக்கை நாணல்களின் மீதே ஓட்டிச் சென்று திரும்பி வந்து, கண்ணாடியை இறக்கி, “அம்மா, இவ்ளோ கனமான ட்ரக்கே போயிட்டு வந்துருச்சு. இதப் போய் சதுப்புங்கறீங்களே” என்றார்.

3. ஐயா, பிப்ரவரியில் கல்லாய் உறைந்து கிடக்கும் நம் ஊர் ஏரியின் மேலும்தான் ட்ரக் ஓடுகிறது. பாதி ஊர் அதன் மேல் குடிசை போட்டு, அடுப்பு மூட்டி, பனிக்கட்டியில் துளையிட்டு மீன் பிடிக்கிறது. அந்த வரிசையில் திரு. மேப்ஸின் குடிசையும் உண்டு. ராய் அவரிடம், “அப்படின்னா ஏரி நடுவுலயும் ஒம்பது வீடு கட்டிரலாம் சார், தூண்டில் போட வசதியா இருக்கும்” என்றார். ஆய்வாளர் சிரித்தார். சிரித்துவிட்டுப் போய்ச் சான்றிதழில் கையெழுத்தும் போட்டார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

4. ஏப்ரலில் பனி உருகியது. சதுப்புக்குள் இறங்க வேண்டிய தண்ணீர் புதிய மேட்டில் முட்டி எங்கள் பக்கம் திரும்பிவிட்டது. நிலவறையில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது. இருபது ஆண்டுகளாக நாங்கள் குடித்து வந்த கிணற்று நீர், தேநீர் நிறத்தில் வருகிறது. போன வாரம் எங்கள் பேத்தி பல் துலக்க மறுத்து அழுதாள். திரு. ப்ரூக்கரிடம் முறையிட்டதற்கு, “தண்ணி பள்ளத்துக்குத்தாங்க போகும், நான் என்ன பண்றது?” என்கிறார். எங்கள் வீடு பள்ளத்தில் கட்டப்பட்டதல்ல. அவர் மேடாக்கியதால் பள்ளமானது.

குளிர்காலத்தில் உறைந்து கெட்டியாக இருப்பதையெல்லாம் நிலம் என்று எழுதிக்கொடுத்தால் இந்த மாநிலத்தில் நீர் என்று எதுவும் மிஞ்சாது. இதை வெளியூர்க்காரர் ஒருவர் எழுதியிருந்தால் அறியாமை என்று விட்டிருப்பேன். இங்கேயே பிறந்து வளர்ந்தவர் எழுதியதால் எனக்குக் கோபம் வருகிறது. அதை மறைக்க நான் விரும்பவில்லை.

5. வரும் வியாழக்கிழமைக் கூட்டத்தில் மீதிப் பகுதிக்கும் அனுமதி வழங்க இருப்பதாக அறிகிறேன். வழங்கிவிட்டால் தண்ணீருக்கு எங்கள் கிணற்றைத் தவிர வேறு போக்கிடம் இருக்காது. நாங்களும் இந்த வீட்டைவிட்டுப் போக வேண்டியதுதான்.

எனவே அனுமதியை நிறுத்திவைத்து, கூட்டத்துக்கு முன் தாங்களே நேரில் வந்து பார்வையிடக் கோருகிறேன். திரு. மேப்ஸையும் உடன் அழைத்து வாருங்கள். அவர் அதே ட்ரக்கில், அதே வழியாக, அதே நாணல்களின் மீது ஒருமுறை ஓட்டிக் காட்டட்டும். அக்கரை சேர்ந்துவிட்டால் இந்த மனுவை நானே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். சேராவிட்டால் இழுத்தெடுக்க, ராய் டிராக்டரில் சங்கிலி மாட்டித் தயாராக வைத்திருக்கிறார்.

தங்கள் வருகையை எதிர்பார்க்கும்,
வெர்னா ஹாக்லண்ட்

இடம்: டெல்வின் ஏரி
நாள்: 06.05.2019