பாத்துட்டேன், போ

அத்தே,

இன்று காலை ஹெல்மெட்டின் தாடைக்கொக்கி உடைந்து கையோடு வந்துவிட்டது. திருவொற்றியூர் சைக்கிள் கடைக்காரன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, இத டெய்லி நூறு தபா கயட்டி மாட்டுனியா?" என்றான். வாரோடு சேர்த்துப் புதிதாகப் போட்டுத் தருகிறேன் என்றான். வேண்டாம், இதையே எப்படியாவது ஒட்டிக் கொடு என்றேன். "மீன் வாட வேற அடிக்குதுக்கா" என்று மூக்கைச் சுளித்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் அந்த வாரை வாங்கி நானும் ஒரு முறை முகர்ந்து பார்த்தேன். ஷாம்பு போட்டு எத்தனையோ தரம் ஊறவைத்திருக்கிறேன், போகவில்லை. சங்கரா, நெத்திலி, கொஞ்சம் ஐஸ் தண்ணீர், கொஞ்சம் வெற்றிலை. உன் கை வாடை அது.

நீ முதலில் என் அப்பாவின் அக்கா, அப்புறம்தான் மாமியார். இரண்டு உறவிலும் உன்னை 'நீ' என்றுதான் சொல்லி வந்தேன். எழுதுகிறேன் என்பதற்காக இப்போது மரியாதை கொடுத்தால், "இன்னாடி புச்சா கீது" என்று கேட்பாய். அதனால் நீ, நீயாகவே இரு.

சைக்கிள் எனக்கு ஆசையால் வந்ததில்லை. உனக்குத் தெரியும். பாரிமுனையில் கப்பல் சரக்குக்குக் காகிதம் தயார் செய்கிற ஆபீஸ் வேலை. காலையில் காசிமேட்டில் பஸ் ஏறினால் அது கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு நிற்கும், நான் உள்ளே நின்று வேகுவேன். ஒரு நாள் கோபத்தில் உன் மகனுடைய பழைய சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பஸ்ஸுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தேன். அப்புறம் கியர் வைத்த சைக்கிள் வந்தது, ஹெல்மெட் வந்தது, ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்து ஓட்டுகிற ஒரு கோஷ்டியும் வந்தது. நாற்பதை நெருங்குகிற மருமகள் கால்சட்டை போட்டுக்கொண்டு சைக்கிளில் போவதற்கு நீ என்ன சொல்லப்போகிறாய் என்று தெருவே உன் வாயைப் பார்த்தது. நீ செதில் சீவுவதை நிறுத்தாமல், "வண்டி மேலதான போறா? உன் தோள் மேல ஏறியா போறா?" என்று ஒருத்தியைக் கேட்டாய்.

ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் உன் பிடி உடும்புப் பிடி. நான் எங்கே கிளம்பினாலும், எங்கிருந்து திரும்பினாலும், தெருமுனையில் உன் மீன் பலகைக்கு முன்னால் நிற்க வேண்டும். கையை ஆட்டிவிட்டு ஓடிவிடக் கூடாது. மணலிப் பக்கத்து ஆலை வாடைக்கும் நிலக்கரித் தூளுக்கும் பயந்து நான் கர்ச்சீப் கட்டி, கறுப்புக் கண்ணாடி போட்டு, அதற்கு மேல் ஹெல்மெட்டும் மாட்டியிருப்பேன். "எவளோ ஒருத்தி போறா. நான் எப்டி நம்புவேன்? கயட்டு." மூன்றையும் கழற்ற வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் நீயே எட்டி, மீன் கையால் கொக்கியை விடுவித்து, என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்புவாய். ஒரு நொடி பார்ப்பாய். "பாத்துட்டேன், போ." திரும்பி வரும்போதும் இதேதான். வந்து சேர்ந்தவளிடம் எதற்குப் 'போ' என்று கேட்டதற்கு, "வூட்டுக்குள்ள போடின்னு சொன்னேன்" என்றாய்.

மாமா கடலுக்குப் போய்த் திரும்பாதவர், உடலும் கிடைக்கவில்லை. அந்தப் பயம்தான் உன்னை இப்படி ஆட்டுகிறது என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு மத்தியானம் மீன் தீர்ந்து பலகையைக் கழுவிக்கொண்டிருந்தபோது நீயாகச் சொன்னாய். "அந்த மனுசன் விடியறதுக்கு முன்ன கெளம்புச்சு. நான் தூங்கிகினு இருந்தேன், எழுப்பல. மூஞ்சியும் பாக்கல, போன்னும் சொல்லல. நான் போன்னு சொல்லாதப்ப எப்டி போச்சுன்னு இன்னும் கேட்டுகினுதான் கீறேன்." காரியம் செய்யச் சொல்லி வந்த உறவுக்காரர்களை நீ வருடக்கணக்கில் வாசலோடு திருப்பி அனுப்பியதை அப்பா சொல்லியிருக்கிறார். நீ பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டு டீ வாங்கப் போனாய்.

எங்கள் கோஷ்டியில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக ஒருவர் சேர்ந்தால் எந்த ஊர், என்ன வேலை என்று யாரும் விசாரிப்பதில்லை. ஒரே நாளில் அதிகபட்சம் எவ்வளவு தூரம் ஓட்டியிருக்கிறாய் என்பதுதான் கேள்வி. நெல்லூரைத் தொட்டுத் திரும்பியவர் இருந்தார், புதுச்சேரியில் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்து படுத்தவர் இருந்தார். நான் தடாவைத் தாண்டியதில்லை. எனக்கு இருநூறு கிலோமீட்டர் வேண்டும் என்று ஆகிவிட்டது. ராயபுரத்தில் பிறந்து, தண்டையார்பேட்டையில் படித்து, காசிமேட்டில் வாழ்க்கைப்பட்டவள் நான். கண்ணுக்கெட்டாத தூரத்துக்கு என் காலாலேயே ஒரு நாளாவது போய் வர வேண்டும் என்ற ஆசை தொண்டையில் முள் சிக்கியதுபோல இருந்தது. நாயுடுப்பேட்டை போய்த் திரும்பினால் அந்த இருநூறு தேறும். உன்னிடம் கேட்டேன்.

"நாயுடுப்பேட்ட வரிக்கும் போய்ட்டு வரேன் அத்தே."

"போ. நடுவுல ஒரு தபா வந்து மூஞ்ச காட்டிட்டு போ."

"அங்கேர்ந்து எப்டி நடுவுல வர்றது?"

"அது உன் பேஜாரு."

"வீடியோ கால்ல காட்றேன்."

"போன்ல அமெரிக்கால கீறவன் மூஞ்சிகூடத்தான் தெரியுது" என்று நீ எழுந்து போய்விட்டாய்.

இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. வழி கண்டுபிடித்ததும் அந்தக் கோபத்தில்தான். உன் பலகையிலிருந்து எண்ணூர் முகத்துவாரம் போய்த் திரும்பினால் ஏறக்குறைய இருபத்தைந்து கிலோமீட்டர். எட்டு நடை அடித்தால் இருநூறு. "சரி, எட்டு தபா வந்து மூஞ்ச காட்றேன், போதுமா?" என்றேன் வீம்புக்கு. நீ வெற்றிலையை மடித்துக்கொண்டே, "வெளக்கு வெக்கறதுக்குள்ள முடி" என்றாய். கோஷ்டியில் சொன்னபோது சிரித்தார்கள். நேராகப் போனால்தான் தூரம், இது செக்குமாட்டு வேலை என்றார் ஒருவர். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, ஆனாலும் அதை விட்டால் வேறு வழி இல்லை.

தை மாதம் அது. விடிந்தும் விடியாததுமாகக் கிளம்பினேன். ஒரு பக்கம் கருங்கல் போட்ட கடல், இன்னொரு பக்கம் வரிசையில் நிற்கிற டிரெய்லர்கள். வாடைக் காற்று போகும்போது மாரில் குத்தியது, திரும்பும்போது முதுகைத் தள்ளியது. வீட்டுக்கு வருகிற பாதி எப்போதும் சுலபமாக இருந்தது. நடைக்கு நடை உன் முன்னால் நின்றேன், கழற்றினேன், காட்டினேன். நாலாவது நடையில் கூழும் கருவாடும் தந்தாய். ஐந்தாவதில் பக்கத்துப் பலகை மல்லிகாக்கா, "யக்கா, இந்த மூஞ்ச எத்தினி தபாதான் பாப்ப? எனக்கே அலுத்துப் போச்சு" என்றாள். "உன் மூஞ்ச தெனம் பாக்கலியா?" என்றாய் நீ. மீன் வாங்க வந்தவர்கள்கூடச் சிரித்தார்கள்.

ஆறாவது நடையில்தான் வந்தது வினை. திரும்பி வருகிற வழியில், எர்ணாவூர்ப் பக்கம், ஒரு டிரெய்லர் திரும்பத் தெரியாமல் திரும்பிச் சாலைக்குக் குறுக்கே நின்றுவிட்டது. சந்தில் புகுந்து வரப் பார்த்தேன், ஏதோ இரும்புத் துண்டு ஏறி டயர் போனது. போனும் செத்துக் கிடந்தது. பஞ்சர் ஒட்டிக்கொண்டு, கடலோரச் சாலையை விட்டு உள்சாலை வழியாக ஓட்டி வந்து சேர்ந்தபோது உன் இடம் காலியாக இருந்தது. மீன் இருந்தது, நீ இல்லை.

"லாரி ஒண்ணு குறுக்கால கீதுன்னு எவனோ வந்து சொன்னான்" என்றாள் மல்லிகாக்கா. "அவ்ளோதான். ஒரு மீன்பாடி வண்டிய நிறுத்தி ஏறிகினு உன்ன தேடி பூட்டா. சொன்னா கேக்குதா அது?"

நீ கடலோரமாகப் போயிருக்கிறாய், நான் உள்ளே புகுந்து வந்திருக்கிறேன். உன்னிடம் போன் கிடையாது. உனக்கு ரத்தக் கொதிப்பு, மத்தியான மாத்திரை போட்டாயா என்றுகூட எனக்குத் தெரியாது. "அது வந்துடும், நீ போய் மிச்சத்த முடி, வெளக்கு வெக்கற நேரம் ஆவுது பார்" என்றாள் அவள். போயிருக்கலாம். கால் சூடு ஆறினால் திரும்ப மிதிப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஆனால் கால் நகரவில்லை. நீ உட்காருகிற கவிழ்த்த பெட்டியில் உட்கார்ந்தேன். யாரோ நெத்திலி கேட்டார்கள், கேட்ட விலைக்கே அள்ளிப் போட்டேன். மல்லிகாக்கா தலையில் அடித்துக்கொண்டாள். என் கண்ணெல்லாம் சாலையில்தான் இருந்தது. வருகிற ஒவ்வொரு மீன்பாடி வண்டியிலும், ஒவ்வொரு ஷேர் ஆட்டோவிலும் ஒரு முகத்தைத் தேடினேன். எல்லாம் வேறு வேறு முகம். அரை மணி நேரம்கூட இருந்திருக்காது. நீ கரையில் எத்தனை நாள் இப்படி நின்றிருப்பாய் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. உன் பிடிவாதத்தை அதுவரை பொறுத்துக்கொண்டிருந்தேன், அத்தே. அன்றைக்குத்தான் அது புரிந்தது.

பலகை வைத்த அந்த மூன்று சக்கர வண்டியின் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தபடி வந்தாய். என்னைப் பார்த்ததும் சத்தம் போடுவாய் என்று நினைத்தேன், போடவில்லை. இறங்கி வந்து வழக்கம்போல என் தாடையைப் பிடித்தாய். நானும் என்ன செய்கிறேன் என்று தெரியாமலே, காற்றில் கலைந்து உன் முகத்தில் விழுந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டேன்.

"பாத்துட்டேன்" என்றேன்.

"இன்னாடி, என் டயலாக்க நீ சொல்ற?" என்றாய். அப்புறம், "இன்னும் ரெண்டு நட கீதுல்ல? போ."

"வெளக்கு வெக்கற நேரமாச்சே அத்தே."

"வெச்சா இன்னா? ரோட்லதான் லைட்டு கீதே."

நீ போட்ட நிபந்தனையை நீயே எடுத்தது எனக்குத் தெரிந்து அந்த ஒரு தடவைதான். இருட்டிய பிறகு எட்டாவது நடையை முடித்தேன். பலகையெல்லாம் எடுத்துவிட்டார்கள், நீ மட்டும் அந்தப் பெட்டியில் உட்கார்ந்திருந்தாய். போனைச் சார்ஜில் போட்டு, அது சாகிறவரை நான் ஓட்டிய வழியைக் கோடாகப் பதிந்திருந்த மேப் படத்தை உன் மகனிடம் காட்டினேன். மற்றவர்களின் படத்தில் பாதை ஊர் ஊராக நீளும். என்னுடையது ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்து, குட்டையாக, தடித்த ஒரே கோடாக இருந்தது. "இன்னாடி, நாள் பூரா ஓட்டி ஒரு கோடுதான் கீது" என்றார் அவர். நீ எட்டிப் பார்த்துவிட்டு, "நல்லா அழுத்தமா கீதே" என்றாய்.

போன மழைக்காலத்துக்கு அப்புறம் உனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்து நாலைந்து நாளில் தேறிவிட்டாய் என்றார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பழவேற்காட்டுக்குப் போனதும் அந்தத் தெம்பில்தான், நீ அனுப்பித்தான். வழியில் உன் மகன் கூப்பிட்டார், குரல் சரியில்லை. சைக்கிளைத் திருப்பினேன். வார்டு வாசலில் ஹெல்மெட்டோடு போகக் கூடாது என்று தடுத்தார்கள், கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

உன் முகம் தெரியவில்லை, அத்தே. ஆக்சிஜன் மாஸ்க் மூக்கையும் வாயையும் மூடியிருந்தது. என்னைப் பார்த்ததும் நீ கையைத் தூக்கினாய். தாடையைப் பிடிக்கத்தான் வருகிறாய் என்று குனிந்தேன். நீ உன் மாஸ்க்கைப் பிடித்துக் கீழே இழுத்தாய். முழு முகத்தையும் காட்டினாய். நர்ஸ் ஓடிவந்து திட்டிக்கொண்டே அதைத் திரும்ப மாட்டினார். நீ என்னையே பார்த்தாய், பதிலுக்குக் காத்திருக்கிறாய் என்று தெரிந்தது.

"பாத்துட்டேன் அத்தே" என்றேன். மீதியைச் சொல்ல வாய் வரவில்லை. அன்று சாயங்காலம் நீ போய்விட்டாய்.

காரியமெல்லாம் முறையாக நடந்தது. உன் மகன் ஒன்றும் குறை வைக்கவில்லை. நான் யாரையும் தடுக்கவும் இல்லை.

போன வாரம் நாயுடுப்பேட்டை போய் வந்தேன். நேரான சாலை, நல்ல சாலை. நடுவில் வந்து முகம் காட்டச் சொல்ல யாரும் இல்லை. தூரம் எட்டு நடையைவிட அதிகம்தான். படத்தில் மெல்லிய நீளக் கோடு விழுந்தது, கோஷ்டியில் கை தட்டினார்கள். பொழுது சாயத் தெருமுனைக்கு வந்ததும் கால் தானாக ஊன்றியது. கர்ச்சீப், கண்ணாடி, ஹெல்மெட் மூன்றையும் கழற்றிவிட்டேன். கழற்றிய பிறகுதான் உன் இடம் காலி என்பது உறைத்தது. அசட்டுத்தனமாக நின்றுகொண்டிருந்தேன். மல்லிகாக்கா வவ்வால் மீனுக்குச் செதில் சீவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தாள்.

"பாத்துட்டேன், போ" என்றாள். திரும்பவும் குனிந்து சீவ ஆரம்பித்தாள்.

வீட்டுக்கு வரும்வரை அழுதேன். அவளுக்கு அது சுலபமாக வந்துவிட்டது. நீ தினமும் எனக்குச் சொன்னாய், நானும் தினமும் போய்த் திரும்பினேன். உனக்கு அதைச் சொல்ல வேண்டியவள் நான் என்று எனக்குத் தெரியும். மாமாவிடம் சொல்லாமல் விட்ட சொல் உன்னை எத்தனை வருடம் பிடித்து வைத்திருந்தது என்பதும் தெரியும். நீயோ முகத்தைக் காட்டிவிட்டுத்தான் போனாய். உன் பக்கம் ஒரு குறையும் இல்லை. பாக்கி இருப்பது என்னிடம்தான், அந்த ஒற்றைச் சொல். கடைக்காரன் கொக்கியை ஒட்டிக் கொடுத்துவிட்டான், நாளைக்கு மாட்டலாம் என்றான். ஒரு நாள் அதைச் சொல்லிவிடுவேன்.

இன்னும் கொஞ்சம் இரு, அத்தே.