பவளத்தின் கழுத்துச் சுழி

நெடுந்தீவு மேற்கு
23.7.1968

அன்புள்ள மகள் சறோஜினிக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் சுகமாயிருக்கிறோம், அந்தப் பண்டாரவளைக் குளிரில் படிப்பிக்கிற நீயும் நோய்நொடியில்லாமல் இருக்க நயினை அம்மனை வேண்டிக்கொள்கிறேன். மனதைத் திடப்படுத்திக்கொண்டு வாசி, எங்கள் அரபிக் குதிரை பவளத்தை விற்றாயிற்று. கோபிக்காதே. மழையில்லை, புல் கருகிப்போச்சு, நல்ல தண்ணீர் அள்ளிவர அப்பாவின் முழங்கால் இடங்கொடுக்கவில்லை. குழந்தைப்பிள்ளை வாலைப் பிடித்து இழுத்தாலும் பேசாமல் நிற்கிற சீவனை யாரிடம் கொடுப்பது என்று எனக்கு நித்திரையில்லை. முதலில் கேட்டு வந்தவன் யாழ்ப்பாணத்து வண்டிக்காரன். பெரியகடைத் தெருவில் அவனுடைய குதிரையின் முதுகுப் புண்ணை நான் கண்ணால் கண்டவள், சாட்டுச் சொல்லி இழுத்தடித்தேன். நேற்று வேலணை அம்பலவாணரும் மனைவி மனோகரியும் வந்தார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப்போகச் சாதுவான குதிரை வேண்டுமாம். நல்ல மனிசர். ஆனால் சுழி பார்க்க மனோகரியின் பெரியப்பாவையும் கூட்டி வந்துவிட்டார்கள். வண்டிக்காரனும் மூக்கில் வேர்த்த மாதிரி கயிற்றோடு வேலிப் படலையடியில் வந்து நிற்கிறான்.

பவளத்தின் கழுத்து மயிருக்குக் கீழே ஒரு சுழி இருப்பது உனக்குத் தெரியும்தானே. காலமையே எண்ணெய் வைத்து மயிரை அதன்மேல் படிய வாரிவிட்டிருந்தேன். கிழவர் பல்லைப் பார்த்தார், குளம்பைத் தூக்கிப் பார்த்தார், அந்த மடைச்சி அவர் கேளாமலே கழுத்தைத் தாழ்த்திக் கொடுத்தது. மயிரை விலக்கினார். இது வைச்சிருக்கிறவன்ரை உயிருக்கு ஆகாத சுழி என்று சொல்லிக் கையைத் துடைத்தார். அம்பலவாணர் பிடித்திருந்த கயிற்றை விட்டுவிட்டார். எனக்குச் சுழியுமில்லை கிழியுமில்லை என்று வண்டிக்காரன் சிரித்தபடி உள்ளே வந்தான். அப்போதுதான் மனோகரி எழும்பினாள். செவ்வாய் எண்டு, கட்டிறவனுக்கு ஆகாது எண்டு என்னையும் எத்தினை பேர் பாத்திட்டு விட்டிட்டுப் போனவை பெரியப்பா, இவர் கட்டிப் பதினைஞ்சு வருசம், ஒரு தடிமன் காய்ச்சலும் வரேல்லை என்று சொல்லிக் கயிற்றைத் தானே எடுத்தாள். கிழவர் சால்வையை உதறித் தோளில் போட்டுத் துறைக்கு நடந்தார். பவளம் அவளுக்குப் பின்னால் வள்ளத்தில் ஏறிவிட்டது, நான்தான் அழுதேன்.

கிழவர் வாயைப் பிளந்து பல் பார்த்தபோது பவளம் அசையாமல் நின்ற நிலை என் மனதை விட்டுப் போகவில்லை, பிள்ளை. கடைசியாக வந்த மாப்பிள்ளை வீட்டார் முன்னால் நீயும் அப்படித்தான் நின்றாய், பிறகு ஊர்ப்பக்கம் வரவேயில்லை. உன் சாதகத்தைத் தரகரிடமிருந்து இன்று காலமை திருப்பி வாங்கிவிட்டேன். அம்மன் உன்னைக் காப்பாள். அப்பாவின் முழங்காலுக்குத் தைலம் வாங்க மறவாதே. அடுத்த மாதப் பள்ளிக்கூட விடுதலைக்குப் பயப்படாமல் வா, வீட்டில் உன்னைப் பார்க்க நானும் அப்பாவும் மட்டும்தான் இருப்போம்.

உன் அம்மா
சத்தியபாமா