அலாவுதீன் பாய் காரில் தீய்ந்த வாடை

“கருகுற வண்டியையா என் தலையில கட்டுனே, லெயோன்?”

“என்கிட்ட இருந்தவரைக்கும் கருகலையே, பாய்!”

என்னங்க, முந்தாநாள் நம்ம வாசலில் இதுதான் கச்சேரி. எட்டிப் பார்க்காதே என்று நீங்கள் கோபித்துவிட்டுப் போனதால் நான் எட்டிப் பார்க்கவில்லை, தெருவில் இறங்கியே நின்றேன்.

பிரான்சுக்குக் கிளம்பும் லெயோன், பக்கத்து வீட்டு அலாவுதீன் பாய்க்குக் கொடுத்த கார்தான். மழையில் கண்ணாடி மங்குகிறதென்று சூடு ஊதும் ஹீட்டரைத் திருகினாராம், ஒரே தீய்ந்த வாடை. மறுநாள் பாய் மகளைக் கட்டப்போகும் மாப்பிள்ளைக்கு இந்தக் காரில்தான் ஊர்வலம். பால்யச் சிநேகிதம் முகம் கொடுக்காமலே பிரிந்துவிடுமோ என்று எனக்கே பதைப்பு.

மெக்கானிக் மன்சூர் ஹீட்டரைக் கழற்றினால், உள்ளே உருகிக் கருகிய சாம்பிராணி!

கதவுக்குப் பின்னாலிருந்து பாய் பெண்சாதி ஜன்னத்து சொன்னாள்: “மாப்பிள்ளை ஏறுற வண்டி மணக்கட்டுமேன்னு, சூடு வர்ற ஓட்டையில நான்தான் போட்டேன்.”

மன்சூர் சுரண்டித் துடைத்ததும் வாடை போச்சு.

சோற்றுக்கு மீன் ஆணம் அடுப்படியில். நான் புது மாப்பிள்ளையைப் பார்க்கப் போகிறேன், சாவி எதிர்வீட்டில்.

ஒன்று விட்டுப்போச்சு: லெயோன் குடும்பம் இன்று விடியலில் கிளம்பியது. ரயிலடியில் கொண்டுவிட்டது பாய்தான். வழியெல்லாம் ஹீட்டரை முழுசாகத் திறந்துவிட்டு, “அங்கே குளிருமாமே, இப்பவே ஹீட்டருக்குப் பழகிக்க” என்றாராம்.