கோல்கீப்பருக்கு ஒரு ஸ்பான்சர்

ஜூன் 3, செவ்வாய்
இடது கால் பேட் கிழிந்து பஞ்சு தொங்குகிறது. பந்து பட்டால் எலும்பில் கேட்கிறது. மாநில அணித் தேர்வு 29-ஆம் தேதி. சொந்த கிட் இல்லாத கோல்கீப்பர் வரவே வேண்டாமாம்.

ஸ்பான்சர் கேட்டு எழுதியதற்குச் சென்னைக் கம்பெனி ஒன்று பதில் போட்டிருக்கிறது: 'உங்கள் ஆன்லைன் பக்கத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம்.' என் பக்கத்தில் என்ன இருக்கிறது? பரோட்டா தின்னும் நான். நடுவரோடு மல்லுக்கு நிற்கும் நான். எங்கள் கேப்டன் வள்ளிமயில் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஏட்டி, இது ஹாக்கி பிளேயர் பக்கமா, பரோட்டாக் கடை விளம்பரமா? புரொபஷனலா வையி."

ஜூன் 5
எல்லாவற்றையும் அழித்தேன். ஒவ்வொரு படத்துக்கும் கீழே அம்மா எழுதியிருந்த 'கறுத்துப் போயிட்டியே' உட்பட. "என் கமெண்ட எவ அழிச்சா?" என்று அம்மா கேட்டாள். போன் தானாக அழித்துவிடும் என்றேன். நம்பிவிட்டாள், பாவம்.

ஜூன் 8, ஞாயிறு
ஸ்டுடியோவில் எடுத்த படம் வந்துவிட்டது. கறுப்பு வெள்ளை. சிரிப்பு கிடையாது. கீழே பெயர், பிறந்த தேதி. 'இத்தனை ஆண்டுகள் என்னுடன் பயணித்த அனைவருக்கும் நன்றி' என்று எழுதிப் போட்டேன். பார்த்தால் எனக்கே என் மேல் மரியாதை வருகிறது. போனை அணைத்துவிட்டு பிராக்டிஸுக்குப் போகிறேன்.

ஜூன் 9
ஐயோ, எப்படி எழுத.

நேற்று மைதானத்திலிருந்து திரும்பினால் தெருவில் பந்தல். வாடகைக் கடை சுடலைராஜ் அண்ணாச்சியின் வேனிலிருந்து நாற்காலி இறங்குகிறது, பின்னாலேயே பிணம் வைக்கிற ஃப்ரீசர் பாக்ஸும். மணியாச்சியிலிருந்து சித்தி ரயிலேறி வந்து நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுகிறாள். கோயிலிலிருந்து வந்த அம்மா, பந்தலைப் பார்த்து, யாருக்கென்றே தெரியாமல் கூடச் சேர்ந்து அழுகிறாள். "யாரு சித்தி போயிட்டா?" என்று நானே போய்க் கேட்டேன். சித்தி நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் முதுகில் ஒரு அறை.

"உசுரோடயாட்டி இருக்க, பாவி! கண்ணீர் அஞ்சலி போஸ்டர நீயேவா போடுவ?"

அண்ணாச்சி ஃப்ரீசர் பாக்ஸ் வயரைச் சுருட்டினார். "கேன்சல்னா பரவால்லம்மா. நல்லா இரு."

ஜூன் 10
சென்னைக் கம்பெனியிலிருந்து: 'குடும்பத்தாருக்கு ஆழ்ந்த இரங்கல்.'

ஜூன் 11
உயிரோடுதான் இருக்கிறேன் என்று எழுதினேன். மகிழ்ச்சியாம், ஆனால் வேறொருத்தியை எடுத்துவிட்டார்களாம். ஏன், ரெண்டு நாளு பொறுக்க மாட்டாவளா? செத்தவளுக்குக்கூட மூணாம் நாள் வரைக்கும் மரியாதை உண்டே. அழுதேன். இனி யார் தருவார்கள்?

ஜூன் 14
விட்டுப்போன நாற்காலிகளை எடுக்க அண்ணாச்சி வந்தார். கொடியில் காயும் பேடைப் பார்த்து, "இது என்னம்மா, மெத்தையா?" என்றார். சொன்னேன். சாயங்காலம் மைதானத்துக்கே வந்து கடைசிவரை நின்று பார்த்தார்.

"புது கிட்டு நான் எடுத்துத் தாரேன். என் கடை பேர நெஞ்சுல போடுவியாம்மா? கோயில் கொடை விழாவுக்கு எங்கிட்ட நன்கொடை வாங்கிக்கிடுதாவ, நோட்டீஸ்ல மட்டும் என் பேரு வராது. அபசகுனமாம்."

போடுவேன் என்றேன். அம்மா கேட்டதும் குதித்தாள்: "சாவு வீட்டுப் பேரையா பொம்பளப்பிள்ள நெஞ்சுல ஒட்டிக்கிட்டு அலையும்?"

ஜூன் 29, ஞாயிறு
நெஞ்சில் கொட்டை எழுத்து: 'சுடலைராஜ் ஃப்ரீசர் பாக்ஸ் – 24 மணி நேரமும்'. பந்தோடு பாய்ந்து வந்தவர்கள் அதைப் படித்ததும் ஒரு நொடி தயங்கினார்கள். எனக்கு அது போதும். ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டுதான் அடித்தாள், அதையும் தடுத்தேன்.

தேர்வாகிவிட்டேன்!

மைக்கில் என் பெயரையும், ஆதரவு தந்தவர் என்று அண்ணாச்சியின் பெயரையும் கடைப் பெயரோடு முழுசாக வாசித்தார்கள். மைதானத்தில் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் கைதட்டியது அம்மா. பிறகு எல்லோரும் தட்டினார்கள். புதுச் சட்டையில் வந்திருந்த அண்ணாச்சி, எழுந்து நிற்கலாமா கூடாதா என்று தெரியாமல், பாதி எழுந்தவாக்கில் நாலு பக்கமும் கும்பிட்டார்.